தரை அல்லாதவை

பிட்ஸ்பர்க்கின் ஃப்ரிக் பூங்காவை
இதுவரை முப்பத்தொரு தடவை செய்துவிட்டேன்.
பிர்ச் ஒட்டுப்பலகை, மூன்று மில்லிமீட்டர்,
இருபதடி உயரத்துக்கு ஒரு தாள்.
ஓடைக்கு மட்டும் வால்நட்,
எண்ணெய் தடவினால் ஈரம்போல் கறுக்கும்.

வாங்க வருகிறவர்கள் குன்றுகளைத் தடவுகிறார்கள்.
நான் செய்வது பள்ளத்தை.
அறுத்தெடுத்த துண்டெல்லாம்
மேசைக்கடியில் வாழைப்பழப் பெட்டியில் கிடக்கும்,
ஓடைக்கு மேலே நிற்கும் காற்று
மரமாய்.
மாடி வீட்டு டெஸ்மண்டின் மகள்
அதை அள்ளிப்போய் மலை கட்டுகிறாள்.
எது தலைகீழ் என்ற கவலை
அவளுக்கு இல்லை.

திருமதி லூட்ஸ் ஒருமுறை சண்டைக்கு வந்தார்:
நாய்கள் ஓடும் புல்வெளி
இவ்வளவு சரிவா, தப்பு.
உங்கள் முழங்காலைக் கேளுங்கள் என்றேன்.
கேட்டிருப்பார் போல.
மறுவாரம் ஒரு பொட்டலம் பிஸ்கட் வந்தது.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று
ஒருவரும் கேட்டதில்லை.
ஒரு மார்ச் மாதம், இலை துளிர்க்குமுன்,
சின்ன விமானம் ஒன்று நகரத்தின்மேல்
உழவுக்காரனைப்போல் போனது, வந்தது, போனது.
ஒளியைக் கீழே எறிந்து
திரும்பி வந்ததை எண்ணிக்கொண்டது.
பிறகு எங்கோ ஓர் அறையில்
ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் வைத்தார்கள்:
தரை.
தரை அல்லாதவை.
இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது வரைபடம்.

ஓக் மரங்கள் கழிந்தன.
விளக்குக் கம்பம், கூரை, நீலச் சறுக்கு,
யாரோ எறிந்து இன்னும் விழாத பந்து.
தெற்கே உருக்காலைகள் கொட்டிவிட்டுப் போன
கசடு மேடு மட்டும் தங்கிவிட்டது.
அது தரையாம்.

அன்று காலை நான் அங்கே இருந்தேன்.
தாடியஸும் நானும் பெஞ்சில்,
அவன் கையில் ஆறிப்போன காபி,
என் கோட்டுப் பையில் அவன் வீட்டுச் சாவி,
திருப்பிக் கொடுக்க எடுத்து வந்தது.
நாலாவது முறை விமானம் தலைக்குமேல் திரும்பியபோது
'பாவம், எதையோ தொலைத்துவிட்டான்' என்றான்.
சிரித்துவிட்டேன்.
சிரித்த பிறகு சாவியை எப்படி நீட்டுவது?
இரண்டு வருடம் கழித்துத் தபாலில் அனுப்பினேன்,
பதிவுத் தபால்கூட இல்லை.

போன வாரம் ஒரு ராத்திரி
கழிக்காத கோப்பைத் திறந்தேன்.
கணினி மூச்சுவாங்கியது.
மரங்கள் புகையாய் எழுந்தன.
ஓடைக்கு மேற்கே மூன்றாவது வளைவில்,
பெஞ்ச் இருக்கவேண்டிய இடத்தில்,
தரைக்கு நாலடி மேலே ஐந்து புள்ளிகள்.
இந்தப் பக்கம் இரண்டு,
அந்தப் பக்கம் மூன்று,
இடையில் ஒரு முழம்.
புதராக இருக்கலாம்.
மார்ச் மாதத்துக் குச்சிப் புதர்,
ஒளிக்கு எல்லாம் ஒன்று.
மூன்றில் அவன் எது என்று
விடியும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முப்பத்திரண்டாவதை யாரும் கேட்கவில்லை.
பலகை ஆலையில் கணுவை வெட்டியெடுத்துவிட்டு
படகு வடிவில் ஓர் ஒட்டுப் போடுவார்கள்.
ஒட்டு விழுந்த தாளை எப்போதும் ஒதுக்கிவிடுவேன்.
இந்தமுறை ஒதுக்கவில்லை.
பதினேழாம் அடுக்காக வைத்தேன்.
ஒட்டு பெஞ்சருகே விழவில்லை.
நீலச் சறுக்கின் பக்கம் போய் விழுந்தது.
தாளைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்,
பசை காயத் தொடங்கியிருந்தது.

திருமதி லூட்ஸ்தான் வாங்கினார்.
சறுக்கருகே விரல் வைத்து
'இங்கே என்ன' என்றார்.
'ஒரு கணு இருந்தது.'
'குறை என்று சொல்லுங்கள்.'
இருபது டாலர் குறைத்துக்கொண்டேன்.